மெடிக்கல் பில் பிடித்த கதையும் நான் பிடிபட்ட கதையும்

போன மாதம் நவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியை இவளிடம்தான் ஒப்படைத்துவிட்டு வந்தேன். பொம்மசந்திராவில் பம்பு உதிரிபாகம் செய்கிற எங்கள் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் இப்போது அவள்தான் எல்லாம்.

"மேடம், ஸ்டோர்ல ஒரு இரும்பு பீரோ கெடக்கு. பூட்ட ஒடச்சுப் பாத்தா உள்ள முழுக்க மருந்துக்கடை பில்லு. நம்ம கம்பெனி பம்பு செஞ்சுதா, ஆஸ்பத்திரி நடத்துச்சா?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. பாவம், அவளுக்குத் தெரிய வழியில்லை. அவள் வேலைக்கு வந்தபோதே அந்தக் கூத்தெல்லாம் முடிந்துவிட்டது. இப்போது புதிய வரி முறையாம். இதைக் கழி, அதைக் கழி என்ற பேச்சே கிடையாது. ஒரு பட்டனைத் தட்டினால் கட்ட வேண்டிய வரி வந்து நிற்கிறது. பழைய முறையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருப்பவர்கள் எங்கள் கம்பெனியில் பத்துப் பேர்கூட இல்லையாம்.

"அந்தக் கதைய எழுதிக் குடுங்க மேடம், நோட்டீஸ் போர்டுல போடறேன்" என்றாள். இது நோட்டீஸ் போர்டில் போடுகிற கதை இல்லை. இதில் நான் அசடு வழிகிற இடமும் வருகிறது. போகட்டும், பிராவிடண்ட் ஃபண்டைக் கையில் வாங்கியாகிவிட்டது, இனி யார் என்னை என்ன செய்துவிட முடியும்?

விஷயம் இதுதான். அப்போதெல்லாம் சம்பளத்தில் மருத்துவச் செலவுக்கென்று வருடத்துக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் ஒதுக்குவோம். தனக்கோ வீட்டில் இருப்பவர்களுக்கோ வைத்தியம் பார்த்ததாக பில் கொடுத்தால் அந்தப் பணத்துக்கு வரி கிடையாது. பில் இல்லாவிட்டால் வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்போம். அவ்வளவுதான். இதன் பலனாக, ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை இரும்பைத் தின்று செரிக்கிற ஆரோக்கியத்தோடு திரிந்த ஆட்கள் எல்லோரும் ஜனவரி பிறந்ததும் ஒரே நாளில் நோயாளிகள் ஆகிவிடுவார்கள். சந்தாபுரா பக்கம் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை வாங்காமலே பில் கிடைக்கும். நூறு ரூபாய் பில்லுக்கு மூன்று ரூபாய். நாலாயிரத்துக்கு மேல் எடுத்தால் ஒரு பாக்கெட் இருமல் மிட்டாய் இலவசம்.

நான் ஜோகுபாளையத்துக்காரி. காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அல்சூர் ஏரிக்கரை வரை ஓட வேண்டும். தலை பின்னுவது பஸ்ஸில்தான் நடக்கும். பி.காம். படித்தது, டைப்பிங் கற்றது, சம்பளப் பட்டியல் போடப் பழகியது எல்லாம் உண்டு. அதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் எனக்கே தூக்கம் வந்துவிடும். நேரே ராவ் சாருக்கு வந்துவிடுகிறேன்.

ராவ் சார் எங்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். மைசூர்க்காரர். முழுக்கை சட்டை, பையில் இரண்டு பேனா, ஒரு பென்சில். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் ஜனங்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். பில் கொடுத்தவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து, காபி வரவழைப்பார். பிறகு பில்களைத் தேதி வாரியாக மேஜையில் ஒவ்வொன்றாகப் பரப்புவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, நிஜமான கவலையோடு விசாரணையை ஆரம்பிப்பார்.

"ஏப்ரல்ல பேதி. அய்யோ பாவம்... மே மாசம் ரெண்டு தடவை பேதி. ஜூன்ல மலச்சிக்கலுக்கு மருந்து. ஈக ஹேகிதீரா? இப்ப எப்படி இருக்கீங்க?"

எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் காபியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நெளிவான். இன்னும் கல்யாணமாகாத ஒரு வெல்டர், குழந்தைகளுக்குக் கொடுக்கிற கிரைப் வாட்டருக்கு பில் கொடுத்திருந்தான். ராவ் சார் எழுந்து நின்று அவனுக்குக் கை கொடுத்து, "நாமகரணம் யாவாக? பேர் வைக்கிற விழாவுக்கு எங்களையும் கூப்பிடணும்" என்றார். அந்தப் பையன் அடுத்த மாதமே வீட்டில் சொல்லிப் பெண் பார்க்கச் சொல்லிவிட்டான்.

அவருடைய முறை எனக்கு இன்றும் மனப்பாடம். முதலில் தேதி. அடுத்தது பில் எண். அதற்கப்புறம் கையெழுத்து. தொகையைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். தேதியைப் பார்த்தால் ஜூன் முப்பத்தொன்று என்று இருக்கும். எண்ணைப் பார்த்தால் ஏப்ரல் பில் நானூற்றுப் பன்னிரண்டு, மே நானூற்றுப் பதின்மூன்று, அப்படியே மார்ச் வரைக்கும் வரிசை தப்பாமல் போகும். "பாவம் அந்தக் கடைக்காரர், வருஷம் பூரா இவர் ஒருத்தரை நம்பியே கடை திறந்து வெச்சிருக்கார்" என்பார் ராவ் சார். கையெழுத்தில் இன்னொரு வேடிக்கை. கடைசி நாள் வரை சோம்பேறித்தனமாக இருந்துவிட்டு, வெற்று பில்லை வாங்கி வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸிலேயே எழுதுகிறவர்கள் உண்டு. ஓசூர் ரோட்டில் வேகத்தடை வருகிற இடத்திலெல்லாம் பேனா துள்ளியிருக்கும். "இது பொம்மனஹள்ளி, இது கூட்லு கேட்" என்று பென்சிலால் தொட்டுக் காட்டுவார்.

நானும் ஒரு தடவை மாட்டினேன். சேர்ந்து மூன்றாவது வருடம். ஊரோடு ஒத்துப் போவோமே என்று நானும் ஒரு கட்டு பில் வாங்கிக் கொடுத்தேன். காபி வந்தது. ராவ் சார் வருகைப் பதிவேட்டைத் திறந்து பில்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பதினோரு தடவை வைரல் ஃபீவர். ஒரு நாள்கூட லீவு இல்ல. சுகுணா, உனக்குக் கம்பெனி ஒரு மெடல் குடுக்கணும்மா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பில்லைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் அந்த வருடத்து பில் கட்டுகள் மொத்தமும் என் மேஜையில் இருந்தன. "நீ பாரு. எப்படிப் பண்றாங்கன்னு உனக்குத்தான் தெரியுமே" என்றார். அன்றைக்குப் பிடித்த வேலை, இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் விடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கேண்டீனில் நான் தட்டோடு வந்து உட்கார்ந்தால் நாலு பேர் எழுந்து போவார்கள். அதில் எனக்கு ஒரு கொழுப்பு.

கொழுப்பு ஏறினால் என்ன ஆகும் என்பதுதான் இனி வருகிறது.

ஒவ்வொரு டிசம்பரிலும் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுப்போம். இன்சூரன்ஸ் எவ்வளவு கட்டினாய், வீட்டுக் கடன் உண்டா, மருத்துவச் செலவு உண்டா என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதை நிரப்பி ஜனவரியில் ஆதாரத்தோடு கொடுத்தால், அதை வைத்துத்தான் வரியைக் கணக்குப் போட்டுப் பிடிப்போம். அந்தப் படிவம் மூன்று பக்கம். ஜனங்கள் முதல் பக்கத்தை நிரப்புவார்கள், இரண்டாம் பக்கத்தில் டீ கொட்டுவார்கள், மூன்றாம் பக்கம் வராது. எனக்கு எரிச்சல். ஒரு வருடம் உட்கார்ந்து, யாருமே நிரப்பாத கட்டங்களை எல்லாம் எடுத்துவிட்டு, மொத்தத்தையும் ஒரே பக்கத்தில் அடக்கினேன். ராவ் சார் அதைத் தூக்கிப் பார்த்து, "பளா சுகுணா, பளா" என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். நான் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டூல்ரூமில் வேலாயுதம் என்று ஒருவர். அச்சு செதுக்குகிற வேலை. கைவேலை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம், மயிரிழை பிசகாது. வீடு சந்தாபுராவில். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார். அவரும் ஜனவரியில் பில் கொண்டு வருவார். எப்படிப்பட்ட பில்? பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த துண்டுத் தாள்கள். "பிசியோ 250 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. கடைப் பெயர் கிடையாது, முத்திரை கிடையாது, எண் கிடையாது. நூறு நூற்றைம்பது துண்டு, கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வருவார்.

"அண்ணா, இது என்ன பில்லா, பால்காரன் கணக்கா?" என்றேன் முதல் வருடம்.

எங்கள் பிரிவே கொல்லென்று சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்தார். "வூட்டுக்கு வர்ற ஆளுங்க மேடம். ஸ்கூட்டர்ல வருவாரு. அவருகிட்ட பில்லு புக்கு இல்ல."

"பில் புக்கு இல்லாதவர்கிட்ட வைத்தியம் பாத்துக்கிட்டா நான் என்ன பண்ண முடியும்?"

"சரிங்க மேடம்" என்று கைக்குட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருடமும் வந்தார். அதற்கடுத்த வருடமும். நாலு ஜனவரி, நாலு தடவையும் அதே கைக்குட்டை, அதே சரிங்க மேடம். யாருக்கு வைத்தியம் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நின்றுகொண்டே வேலை செய்கிறவர், இடுப்பு வலியாக இருக்கும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். பொய் பில் கொடுத்தவர்களுக்கெல்லாம் காபியும் விசாரிப்பும் கிடைத்தது. இவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

ஐந்தாவது ஜனவரி, துண்டுத் தாளோடு ஒரு அச்சடித்த பில்லும் இருந்தது. சக்கர நாற்காலி, பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். நான் பில்லைப் பார்த்தேன், ஆளைப் பார்த்தேன். ஆள் இரண்டு காலில் நன்றாகத்தான் நிற்கிறார். 'வாங்க அண்ணா, இத்தனை வருஷம் பழகி நீங்களும் தேறிட்டீங்களா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பில்லை எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு ராவ் சார் அறைக்குப் போனேன். வேடிக்கை பார்க்கிற ஆசையில்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காபி வந்தது. வேலாயுதம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ராவ் சார் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேதி சரி, எண் சரி, முத்திரை சரி.

"யாருக்கு இது?"

"பொண்ணுக்கு சார். பூரணின்னு பேரு. பதினோரு வயசு. பொறக்கும்போதே மூளைக்குக் காத்து பத்தல. கை காலு சொன்ன பேச்சு கேக்காது. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். செரிப்ரல் பால்சின்னு சொல்றாங்க. இத்தினி நாளா தூக்கிக்கிட்டே போனோம் சார். இப்ப வளந்துட்டா, அவங்க அம்மாவுக்கு இடுப்பு புடிச்சிக்குது. அதான் சீட்டுப் பணம் எடுத்து வாங்கினேன்."

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். ராவ் சார் தன் காபியைத் தள்ளி வைத்தார். வேலாயுதத்தை மரியாதையாக அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எத்தனை வருஷமா இவர் பில்லைத் திருப்பி அனுப்பறே?"

"நாலு வருஷம் சார்."

அலமாரியிலிருந்து வருமானவரிப் புத்தகத்தை எடுத்தார். தேடவே இல்லை, நேராக அந்தப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். எண்பது டிடி என்று ஒரு பிரிவு. உடல் குறைபாடுள்ள பிள்ளையையோ பெற்றோரையோ வைத்துப் பராமரிக்கிறவருக்கானது. எவ்வளவு செலவு செய்தாய் என்றே அது கேட்காது. நூறு ரூபாய் செலவானாலும் சரி, பத்து லட்சம் செலவானாலும் சரி, வருமானத்திலிருந்து எழுபத்தைந்தாயிரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி. குறைபாடு எண்பது சதவீதமோ அதற்கு மேலோ என்றால் ஒன்றேகால் லட்சம் கழிக்கலாம். வேண்டியதெல்லாம் அரசு மருத்துவமனை டாக்டர் பார்த்து, இத்தனை சதவீதம் என்று கொடுக்கிற ஒரே ஒரு சான்றிதழ். பில் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை.

எனக்கு அந்தப் பிரிவு தெரியாது என்றால்கூட மன்னித்துக்கொள்ளலாம். தெரியும். மூன்றாம் பக்கத்தில் கடைசிக்கு முந்திய கட்டம் அது. யாருமே நிரப்பவில்லை என்று நான்தான் அதை எடுத்தேன். நான் எடுத்த மறு வருடம்தான் வேலாயுதம் முதல் தடவை கைக்குட்டையோடு வந்தார்.

"படிவத்துல கையெழுத்து என்னோடது" என்றார் ராவ் சார். திட்டியிருக்கலாம். நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

முந்திய வருடங்களுக்குச் சான்றிதழ் இல்லாததால் போனது போனதுதான். இந்த வருடத்தையாவது காப்பாற்றலாம், மார்ச் சம்பளத்துக்கு முன் சான்றிதழ் வந்தால் போதும். வேலாயுதத்தைக் கூப்பிட்டு விளக்கினேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் மன்னிப்பைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. வேறொரு கவலை அவருக்கு.

"சர்டிபிகேட்டு வாங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்க மேடம். முன்னயே ஒருத்தரு சொன்னாரு, பஸ் பாசு கிடைக்கும்னு. கௌரி ஒரே புடியா வேணாம்னுட்டா. எம் பொண்ணு நடப்பா, நான் ஏன் நடக்க மாட்டான்னு எழுதி வாங்கணும்னு கேக்கறா."

"நீங்க பேசிப் பாருங்க."

"நான் பேசினா அழுவா. நீங்க வந்து பேசுங்க மேடம்."

ராவ் சாரும் போகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு சந்தாபுராவுக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை வீடு. கூடத்தின் நடுவில் ஒரு இரும்பு நாற்காலி, முதுகுக்கும் இடுப்புக்கும் பட்டை வைத்தது. அதில் பூரணி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரட்டை ஜடை, கண்ணில் நிறைய மை. என்னைப் பார்த்ததும் உடம்பு முழுக்கச் சிரித்தாள். நாற்காலி வேலாயுதம் தன் கையால் செய்தது. கால்களில் வரிசையாகத் துளை போட்டிருந்தார். பிள்ளை வளர வளர ஒரு துளை ஏற்றி மாட்டிக்கொள்ளலாம். ஏழு துளை ஏறியிருந்தது. கடையில் விற்கிற எதுவும் அந்த நேர்த்திக்குக் கிட்டே வராது. இதற்கு எந்த பில்லைக் கேட்டிருப்பேன் நான்?

கௌரி ஒல்லியான பெண்மணி, தர்மபுரிப் பக்கம். காபி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார். நான் வந்த காரணத்தை எடுத்ததும் முகம் இறுகிவிட்டது. ஆனாலும் கேட்டுக்கொண்டார். வருடத்துக்கு அறுபது தடவை பிசியோவுக்குக் கொடுக்கிற பணம் மிச்சமாகும், ஒரு வருடம் இல்லை, வருடா வருடம் என்று நான் சொன்னபோது மெதுவாகத் தலையை ஆட்டினார். சரி, அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா?

"அக்கா, இன்னொண்ணு. எண்பதுக்கு மேல எழுதினாங்கன்னா ஒண்ணேகால் லட்சம் கழிக்கலாம். அதுக்குக் கீழ போச்சுன்னா எழுபத்தஞ்சுதான். அண்ணனுக்குப் பத்தாயிரம் ரூபா வித்தியாசம் வரும். அதனால டாக்டர் பாக்கும்போது பாப்பா ரொம்ப முயற்சி பண்ண வேணாம். உக்காருன்னா சாஞ்சுக்கட்டும். கையத் தூக்குன்னா பேசாம இருக்கட்டும். ஒரு நாள்தானே."

கௌரி என்னையே பார்த்தார். காபி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"என்னாங்க பேசறீங்க? ஒம்போது வருசமா காத்தால அஞ்சு மணிக்கு எழுந்து, நிமிரு கண்ணு, உக்காரு கண்ணுன்னு உசுர உடறேன். இந்த வாயால ஒரு நாளு உக்காராத கண்ணுன்னு சொல்லணுமா? பத்தாயிரத்துக்கா? பத்து லட்சம் குடுத்தாலும் சொல்ல மாட்டேன். இதுக்குத்தான் நான் அந்தச் சீட்டே வேணாங்கறது. எல்லாரும் எம் பொண்ணு இன்னும் கீழ இருந்தா நல்லதுங்கறீங்க."

வேலாயுதம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பூரணியைப் பார்த்தேன். அவள் எங்களை மாறி மாறிக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கும் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஒரு கையை மெல்லத் தூக்கி என் பக்கம் நீட்டினாள். வாய் கோணியது, கழுத்து இழுத்தது, வார்த்தை வர நேரமாயிற்று.

"ஆன்ட்டி... பொ...ய்" என்றாள். சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

ஜூன் முப்பத்தொன்றாம் தேதி பில்லை ஆயிரம் பிடித்தவள் நான். என்னை அந்தப் பிள்ளை ஒரே வார்த்தையில் பிடித்துவிட்டது. மன்னிச்சிடுங்க அக்கா என்று எழுந்தேன். கௌரி போய்ட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. படியிறங்கும்போது என் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டேன்.

ராவ் சாரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். "நீ வாயை வெச்சுக்கிட்டு சும்னே இருந்திருக்கலாம்" என்றார். அவர் என்னைத் திட்டியது என்றால் அது ஒன்றுதான்.

பிப்ரவரி போயிற்று. மார்ச் முதல் வாரமும் போயிற்று. வேலாயுதம் வரவில்லை. டூல்ரூம் பக்கம் போய் அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. என்னால் அந்த மனுஷருக்கு நாலு வருடம் போனது, இப்போது ஐந்தாவதையும் நான் வாயாலேயே கெடுத்துவிட்டேன், இனி அந்த அம்மா ஜென்மத்துக்கும் சான்றிதழ் வாங்க விடமாட்டார் என்று தினமும் பஸ்ஸில் என்னையே திட்டிக்கொள்வேன். சம்பளக் கணக்கை மூட இரண்டே நாள் இருந்தது. மற்ற எல்லோருக்கும் வரி பிடித்தாகிவிட்டது. அவர் பெயரை மட்டும் நிறுத்தி வைத்திருந்தேன்.

அன்று பதினோரு மணிக்கு வேலாயுதம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், இன்னொரு கையில் இனிப்புப் பெட்டி. வேலை உடுப்பில் இல்லை, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கவரிலிருந்து சான்றிதழை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

எனக்குக் கண் முதலில் எங்கே போகும்? சதவீதத்துக்குத்தான் போனது. எழுபத்தைந்து.

"அடடா" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. "அஞ்சு பர்சென்ட்டுல போச்சே அண்ணா!" சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வேலாயுதத்துக்குக் கோபம் வரவில்லை. அவர் முகத்தில் கோபத்துக்கு இடமே இல்லை.

"மேடம், ரெண்டு வயசுல ஒரு பெரிய டாக்டரு பாத்துட்டு தொண்ணூறுக்கு மேலன்னாரு. தலை கூட நிக்காதுன்னாரு. இப்ப எழுவத்தஞ்சு. கௌரி நம்ப மாட்டேங்கறா. நாலு வாட்டி அந்தப் பேப்பர என்னப் படிக்கச் சொல்லிக் கேட்டா."

"அக்கா எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"அவ ஒத்துக்கல. பாப்பாதான் போலாம் போலாம்னு ஒரே அடம். என்னாத்துக்குன்னு எங்களுக்குப் புரியல. அங்க போனதும் டாக்டரம்மா பட்டையக் கழட்டுங்கன்னாங்க. நான் பயந்துட்டேன், பட்டை இல்லாம சாஞ்சிடுவா. கழட்டினேன். மேடம், பாப்பா உக்காந்துட்டா. கைய ஊணல, எதையும் புடிக்கல. பல்லக் கடிச்சிக்கிட்டு, மூஞ்செல்லாம் வேர்த்து, டாக்டரம்மா எழுதி முடிக்கிற வரைக்கும் உக்காந்தே இருந்தா. அதுக்கு முன்னாடி வூட்ல ஒரு நிமிசம்கூட உக்காந்ததில்ல. வெளிய வந்து எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னா. ஆன்ட்டிகிட்ட சொல்லுன்னா."

நவ்யா, நீ இதைப் படிக்கும்போது சிரிக்காதே, நான் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு அழுதேன். எங்கள் பிரிவில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ராவ் சார் தன் அறைக் கதவில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். வந்து வேலாயுதத்தின் தோளில் கை வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு மைசூர்பாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவருக்குச் சர்க்கரை வியாதி. அதற்கு மட்டும் அவரிடம் நிஜ பில் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலாயுதத்தின் கணக்கைத் திறந்தேன். எழுபத்தைந்தாயிரம் என்று அடித்தேன். பிடிக்க வேண்டிய வரி சரசரவென்று இறங்கியது. அவரை உட்காரவைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினேன். அடுத்த டிசம்பரிலிருந்து படிவம் மறுபடியும் மூன்று பக்கம் என்றும், நானே எல்லோரிடமும் உட்கார்ந்து மூன்றாம் பக்கத்தைப் படித்துக் காட்டப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் தொகையைப் பார்த்தார், தலையாட்டினார். ஆனால் எழுந்து போகவில்லை. எதையோ கேட்க நினைத்துத் தயங்கினார்.

"மேடம், ஒரு சந்தேகம். இந்த நம்பரு இன்னும் இறங்கிச்சுன்னா வரி ஏறுமா?"

"உடனே ஏறாது அண்ணா. நாப்பது வரைக்கும் இதே எழுபத்தஞ்சாயிரம்தான். நாப்பதுக்குக் கீழ போனாத்தான் ஒண்ணும் கிடைக்காது. முழு வரியும் கட்டணும்."

"அப்ப முப்பத்தொம்போது வரணும்."

"ஆமா."

அவர் சான்றிதழை மடிக்காமல் கவருக்குள் வைத்தார். எழுந்து நின்றார்.

"எழுதி வெச்சுக்குங்க மேடம். அந்த வருசம் முழு வரியும் நானே வந்து கட்டறேன். ரசீதுகூடக் கேக்க மாட்டேன்."